அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடையே: இணைப்புக் குழாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளை ஆய்வு செய்யப் போகிறவனுக்கு அடுப்புப் புகையோடு என்ன தொடர்பு என்று அங்கத்தினர் அன்பர்கள் வினவலாம். சேதக் கணக்குத்தான் என்னை அடுப்படிக்கு இட்டுச் சென்றது. அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் ‘சாயநூல் சேதம், 32 சிட்டம்’ என்றொரு வரி இருந்தது. மழையில் நனைந்ததா, எலி கடித்ததா என்று கேட்டேன். இரண்டும் இல்லை, அடுப்பின் புகைக்குழாய் ஒழுகிவிட்டது என்றார் செயலாளர். குழாயில் புகை கசிவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒழுகுவதாவது என்று சாயக்கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன்.

செங்கல் அடுப்பு; அதன்மேல் சாயம் காய்ச்சும் அண்டா. அடுப்பின் பின்புறத்திலிருந்து தகட்டுக் குழாய் ஒன்று 3 அடி மேலெழுந்து, பிறகு சுவரையொட்டிச் சுமார் 8 அடி படுக்கையாக ஓடி, சுவரைத் துளைத்து வெளியே சென்று, அங்குள்ள நெடுங்குழாயோடு சேர்ந்தது. படுக்கைக் குழாயின் நேர் கீழே நூல் உலர்த்தும் கயிறு கட்டியிருந்தது. குழாயின் ஒவ்வொரு பொருத்திலும் கீல் போன்ற கருநீர் வடிந்து காய்ந்த தடம் தெரிந்தது. அந்தக் கருநீரே கீழே தொங்கிய மஞ்சள் நூலில் சொட்டியிருக்கிறது. அடுப்பையும் குழாயையும் தம் கையாலேயே அமைத்த சாயக்காரப் பெரியவர் அருகில் நின்றார்.

“ஓடு மேய்கிற மாதிரிதானே சார் மாட்டியிருக்கிறேன். மேலே உள்ளது கீழே உள்ளதை மூட வேண்டாமா?” என்றார்.

“கூரைக்கு அது சரிதான் அண்ணாச்சி. கூரையில் தண்ணீர் வெளிப்புறம் ஓடுகிறது. இங்கே உட்புறமல்லவா ஓடுகிறது?” என்றேன். சற்று நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மஞ்சளை மறுபடியும் அதே சாயலில் எடுக்கப் பத்து நாள் ஆயிற்று. பத்து நாளும் ஒரு தறி சும்மா கிடந்தது. சேதக் கணக்கில் நூலின் விலை ஏறும். நெய்யாத நாட்களின் கூலி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவேதான், சொந்தமாக விறகடுப்பு அமைத்துக்கொள்ளும் நெசவாளரும் விவசாயிகளும் குழாய் வாங்கக் கடைக்குப் போகுமுன் அறியவேண்டியவற்றை இங்கு எழுதத் துணிந்தேன்.

எரிவாயு வந்த பிறகு விறகடுப்பைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பின் எரிவாயு உருளை இல்லாத வீடு குறைந்துவிட்டது என்பது மெய். ஆயினும் வெந்நீருக்கும், நெல் அவிப்பதற்கும், கருப்பட்டி காய்ச்சுவதற்கும், பாவுக்குக் கஞ்சி வைப்பதற்கும், சாயத்துக்கும் நம் நாஞ்சில் நாட்டில் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிரட்டையும் கொதும்பும் தென்னை மட்டையும் தோப்பிலேயே கிடைக்கும்போது அவற்றை விட்டு உருளையை எரிக்க எவருக்கும் மனம் வராது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்பருகே நிற்பவர் பெரும்பாலும் பெண்களும் அவர்களது இடுப்பிலுள்ள குழந்தைகளுமே என்பதை நாம் அறிவோம்.

புகையற்ற அடுப்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. வார்தாவிலிருந்து மகன் அடுப்பு பரவியது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு அவர்கள் கோடிக்கணக்கான எளிய வீடுகளுக்காகப் புகையற்ற சமையலறை பற்றி எழுதிய நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ‘அஸ்த்ரா ஒலெ’ என்னும் அடுப்பை வகுத்தனர். 1983-இல் தொடங்கி 2002-இல் முடிவுற்ற தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. குழாய் அடைத்துக்கொள்வதும், பொருத்து விடுவதும், உடைந்த குழாய்க்கு மாற்று வாராமையும் அதற்கான காரணங்களில் சேரும். அடுப்பு மண்ணால் ஆனது, வீட்டிலுள்ளவர்களே பூசிச் சரிசெய்துவிடுவார்கள். குழாய்தான் கெட்டால் கெட்டது.

குழாய் செய்யும் வேலையை முதலில் தெரிந்துகொள்வோம். சூடான புகை வெளிக்காற்றைவிட இலேசானது, அதனால் மேலெழுகிறது. எழும்போது கீழே வெற்றிடம் தோன்றி, அடுப்பு வாயின் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பே அடுப்பின் உயிர். புகை எவ்வளவு சூடாக இருக்கிறதோ, புகைபோக்கி எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு இழுப்பு வலுப்படும். வழியில் புகை ஆறிப்போனால் இழுப்பு தளரும். அதோடு, புகை சுமார் 120 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஆறும்போது அதிலுள்ள நீராவியும் விறகின் எண்ணெய்ச் சத்தும் குழாயின் உட்சுவரில் பனித்துக் கருநீராகும். காய்ந்தால் கீலாக ஒட்டும். பச்சை விறகு எரித்தால் இது பல மடங்கு. மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் மரத்தை அன்றே பிளந்து அடுப்பில் வைப்பவர்கள் குழாயைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்தக் கீல் தடித்த பிறகு ஒருநாள் பெருந்தீ மூட்டினால் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். அப்போது எழும் சூடு 1000 டிகிரியை எட்டக்கூடும். ஓலை வேய்ந்த வீட்டில் அதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அடுப்பிலிருந்து புகைபோக்கி வரையுள்ள இணைப்புக் குழாய் சிறிய பகுதிதான். ஆனால் மிகுந்த சூட்டைத் தாங்குவது அதுவே. கருநீர் திரும்பி வந்து சேர்வதும் அதிலேயே.

அளவைப் பொறுத்தவரை விதி ஒன்றே: அடுப்பின் புகைவாய் எத்தனை அங்குலமோ, குழாயும் அத்தனை அங்குலம், இடையில் எங்கும் குறுகலாகாது. வீட்டு அடுப்புக்கு 4 அங்குலம் வழக்கமான அளவு. கடையில் 3 அங்குலக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது, ஓர் அங்குலந்தானே குறைவு என்று வாங்கிவிடுகிறார்கள். 4 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 12½ சதுர அங்குலம், 3 அங்குல வட்டத்தினது 7 சதுர அங்குலமே. புகைக்குரிய வழியில் ஏறக்குறையப் பாதியை அடைத்தாயிற்று. சாய அண்டா, நெல் அவிக்கும் அண்டா ஆகியவற்றின் பெரிய அடுப்புகளுக்கு 6 அங்குலத்துக்குக் குறைந்து வைப்பதை நான் ஒப்புவதில்லை.

இனி, எதனாலான குழாய் என்பது. நாகர்கோவிலில் கடைக்குப் போய் ‘சிம்னி பைப்’ என்று கேட்டால், மின்விசிறி வைத்த சமையலறைப் புகைபோக்கிக்குரிய மடிப்பு அலுமினியக் குழாயையோ, பி.வி.சி. குழாயையோ எடுத்துத் தருவார்கள். கடைக்காரரின் பிழையன்று; இன்று அந்தப் பெயருக்கு அதுதான் பொருளாகிவிட்டது. இரண்டும் எண்ணெய் ஆவியை வெளியேற்ற அமைந்தவை. விறகுத் தீக்கு ஆகா. பி.வி.சி. சுமார் 80 டிகிரியிலேயே இளகித் தொய்யும்; எரிந்தால் அமில வாயுவை விடும். கிணற்று மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய குழாய் வீட்டில் கிடக்கிறதே என்று அதை அடுப்பில் சொருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுப்பை விட்டு வெளிவரும் புகை 200, 300 டிகிரிச் சூட்டில் இருப்பது சாதாரணம் என்பதை அறிந்தால் அவ்வாறு செய்யமாட்டார்கள். மடிப்பு அலுமினியமோ காகிதம் போல மெல்லியது, அதன் மடிப்பெல்லாம் கரி தங்கும்.

கல்நார்ச் சிமெண்டுக் குழாய் ஒரு காலத்தில் அரசாங்கத் திட்டங்களிலேயே வழங்கப்பட்டது. எங்கள் வீட்டு அடுப்பிலும் அதுதான் இருந்தது. அம்மா அதில் விழுந்த கீறலுக்குச் சாணமும் மண்ணும் வைத்துப் பூசிப் பூசி ஓட்டினார்கள். கடுஞ்சூட்டில் அது வெடிக்கும் என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, அறுத்தாலும் உடைத்தாலும் அதிலிருந்து பறக்கும் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்குவது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. புதிதாக எவரும் இதை வாங்க வேண்டா. பழையது இருந்தால் இரம்பத்தால் அறுக்காமல், நன்கு நனைத்து, முழுத் துண்டாகக் கழற்றி அப்புறப்படுத்துக. குழந்தைகள் விளையாடும் இடத்தில் போட்டு வைக்க வேண்டா.

எஞ்சுபவை நாகத் தகடு, கறுப்பு இரும்புத் தகடு, எவர்சில்வர், சுட்ட மண்குழாய் ஆகியன.

நாக முலாம் பூசிய தகடு மழைக்கும் ஈரத்துக்கும் நன்று. ஆனால் தீக்கு அடுத்த முதல் துண்டாக அதை வைக்கலாகாது. நீடித்த சூடு 200 டிகிரியைக் கடந்தால் முலாம் உரியத் தொடங்கும். சுமார் 420 டிகிரியில் நாகம் உருகிவிடும். குழாய் சிவக்கும் அளவுக்குச் சூடேறினால் எழும் நாகப்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். எனவே அடுப்பிலிருந்து முதல் 3 அடிக்கேனும் கறுப்புத் தகடே தக்கது. புகை சற்றே ஆறி வெளிவரும் மேற்பகுதியில், இரு பருவ மழையும் அடிக்கும் நம் மாவட்டத்தில், நாகத் தகடு தாராளமாகப் பயன்படும். கறுப்புத் தகட்டுக்குச் சாதாரண எனாமல் வர்ணம் பூசினால் முதல் நாளே எரிந்து நாறும். சூடு தாங்கும் அலுமினிய வர்ணமே பூசவேண்டும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விடாது. வசதியுள்ளோர் அங்கு எவர்சில்வர் குழாய் போடலாம். ‘காந்தம் ஒட்டவில்லை, ஆகையால் உயர்ந்த சரக்கு’ என்று கடையில் சொல்வது பாதி உண்மையே. 304 என்னும் நல்ல தரத்திலும் காந்தம் ஒட்டாது. விரைவில் துருப்பிடிக்கும் மட்டமான 202-லும் ஒட்டாது. தரத்தைப் பட்டியலில் எழுதி வாங்குவதே வழி. இன்னொன்று, முந்திரித் தொழிற்சாலைக் கழிவாக மலிவாகக் கிடைக்கும் அண்டித்தோட்டை எரிப்பவர்கள் எந்த உலோகக் குழாயையும் நீண்ட நாள் எதிர்பார்க்கக்கூடாது. தோலைப் பொத்தவைக்கும் அந்த எண்ணெயின் புகை பிசின் போலக் குழாயில் அப்பிக்கொள்ளும். மூட்டுவதற்கு ஒரு கைப்பிடி போதும், அதையே விறகாக்க வேண்டா.

குயவர் வனைந்த சுட்ட மண்குழாய்க்கு உப்பும் பகையன்று, சூடும் பகையன்று. விலையும் சகாயம். கனமும், திடீரென மழை பட்டால் விரிசல் விடுவதுமே குறை. நிலையான சுவரடுப்புக்கு உள்ளே இதை வைக்கலாம். வெளியே நிறுத்துவதாயின் சுற்றிலும் செங்கல் கட்டவேண்டும்.

தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வர். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை நினைவிற்கொள்க; ‘28 கேஜ், 24-ஐ விடக் கெட்டி’ என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. 4 அங்குலக் குழாய்க்கு 24 கேஜ் போதுமானது. சாயக்கொட்டகைக்கு 22 கேஜ். 8 அடிக்கு 4 அடித் தகடு ஒன்றை வாங்கித் தகரப் பட்டறையில் கொடுத்தால் எத்தனை அடிக் குழாய் தேறும் என்பதையும் கணக்கிட்டுக்கொண்டு போகலாம். 4 அங்குலக் குழாயின் சுற்று 12½ அங்குலம். மடித்துத் தைப்பதற்கு 1 அங்குலம் சேர்த்தால் 13½. 8 அடி நீளத்தில் இத்தகைய 7 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 4 அடிக் குழாய். ஆக 28 அடி, ஒரு வீட்டுக்குத் தாராளம். ஒவ்வொரு பொருத்துக்கும் 2 அங்குலம் உள்ளே போய்விடும் என்பதைக் கழித்துக்கொள்க. பழைய எண்ணெய் டிரம்மின் தகடும் கெட்டியானது, நல்லது. ஆனால் அதன் வர்ணத்தை வெட்டவெளியில் எரித்துப் போக்கிய பின்னரே குழாயாக்க வேண்டும். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த டிரம்மை நாடவே வேண்டா.

பொருத்தும் முறைக்கு வருகிறேன். சாயக்காரப் பெரியவர் தவறியது இங்கேதான். மேல்துண்டின் அடிவாய் கீழ்த்துண்டின் மேல்வாய்க்குள் நுழைய வேண்டும். அப்போது உள்ளே வடியும் கருநீர் துண்டுக்குத் துண்டு உள்வழியாகவே இறங்கி, அடுப்பை அடைந்து, தீயில் எரிந்துபோகும். மாற்றி மாட்டினால் ஒவ்வொரு பொருத்திலும் வெளியே சொட்டும். ஓட்டை நினையாமல், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை நினைத்துக்கொண்டால் குழப்பம் வாராது. “அப்படியானால் புகை பொருத்தின் வழியே வெளியேறாதா?” என்று பலர் கேட்கிறார்கள். இழுப்பு உள்ளவரை வெளியேறாது; பொருத்தின் இடுக்கு வழியே வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். அதுவும் இழுப்பைக் குளிர்விக்கும் என்பதால் இடுக்கைப் புற்றுமண்ணும் உமியும் குழைத்து அடைக்க வேண்டும். குழாய்க் கடைகளில் கிடைக்கும் பசை வகைகள் சூட்டில் கருகிவிடும். ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று தகர ஸ்க்ரூ முடுக்குவது அவசியம். படுக்கைத் துண்டுகளில் நீளவாட்டுத் தையல் மேற்புறம் இருக்கட்டும், கீழ்ப்புறம் இருந்தால் அதன் வழியும் கசியும்.

படுக்கையாக ஓடும் நீளத்தை இயன்றவரை குறைக்க வேண்டும். தவிர்க்க இயலாவிடில், அடிக்குக் கால் அங்குலமாவது அடுப்பிலிருந்து புகைபோக்கியை நோக்கி ஏறிச் செல்ல வேண்டும். நான் கண்ட சாயக்கொட்டகையில் 8 அடி முழுதும் மட்டப்பலகை வைத்தாற்போல் இருந்தது; பார்வைக்கு அழகுதான். முட்டுக்கு முட்டு வளைப்பதும் தவறு. நேர்கோண எல்போ இரண்டுக்கு மேல் ஆகாது; அவற்றிலும் ஒன்றுக்குப் பதிலாகச் சாய்வான இரண்டு வளைவுகள் வைத்தால் புகை தடையின்றிச் செல்லும். நெடுங்குழாயோடு சேருமிடத்தில் ஒரு டீ இணைப்பு வைத்து, அதன் அடிவாய்க்கு மூடி போட்டுவிட்டால், கரியைத் தட்டி எடுக்கவும் ஆகும். மழைக்காலத்தில் குளிர்ந்து கிடக்கும் குழாயில், அந்த வாயருகே காய்ந்த ஓலைத் துண்டொன்றைக் கொளுத்தி இழுப்பைத் தொடங்கவும் ஆகும்.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் ஓலை, மரம், மூங்கில், நூற்கட்டு எதற்கும் இடையே 18 அங்குலம் வெளி விட வேண்டும். இதில் சலுகை கிடையாது. தொட்டுக்கொண்டிருக்கும் மரம் முதல் நாள் எரியாது, முதல் ஆண்டும் எரியாமல் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வறண்டு வறண்டு, குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும் நிலையை அடைகிறது. ஓட்டுக் கூரையில் ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் குழாயை நிமிர்த்தலாமே எனின், கைமரங்களுக்கு இடையே இரண்டு அடிக்கு மேல் வெளி இருப்பது அரிது. நட்டநடுவில் வைத்தாலும் ஒரு பக்கம் ஓர் அடிகூடத் தேறாது. ஆகவே மண் அல்லது செங்கல் சுவரின் வழியாக வெளியேற்றி, வெளியே நிமிர்த்துவதே என் பரிந்துரை. கூரை சரிந்து நீளும் பக்கத்தை விட்டு முக்கோணச் சுவர்ப் பக்கமாகக் கொண்டுபோனால் படுக்கைக் குழாயும் குறுகும், இறப்பு ஓலையும் எட்டி நிற்கும். முழுதும் ஓலை வேய்ந்த கொட்டகையில் பொறி பறக்கும் கொதும்பையும் மட்டையையும் எரிப்பதற்குக் குழாய் ஒரு காப்பாகாது. முதலில் கூரையை மாற்றுங்கள். அதற்குப் பணமில்லையெனில் அடுப்பை வெளியே வையுங்கள்.

நெடுங்குழாயின் உச்சி, 10 அடிச் சுற்றுக்குள் உள்ள கூரை, சுவர் எல்லாவற்றினும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் மாதங்களில், தோவாளைப் பக்கத்து வீடுகளில் தாழ்ந்த குழாய் புகையை வெளியேற்றுவதற்குப் பதில் உள்ளே தள்ளும். மழைத்தொப்பியைக் குழாய் வாயோடு ஒட்ட வைப்பதும் அதே தொல்லையைத் தரும். 4 அங்குலக் குழாய்க்கு 3 அங்குலமாவது இடைவெளி வேண்டும். தோட்டக்காரர்கள் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் புகையை உள்ளே அனுப்புவதே நோக்கமாதலின், மேற்கூறிய சில விதிகள் அங்கு மாறும். அதைத் தனியே எழுதவேண்டும்.

சாயக்கொட்டகைக் குழாயைப் பெரியவர் ஒரே பகலில் கழற்றி, துண்டுகளைத் தலைகீழாக்கி, 8 அடிக்கு 2 அங்குலம் ஏற்றம் கொடுத்து மாட்டிவிட்டார். அடுப்பருகே இருந்த நாகத் தகட்டுத் துண்டுக்குப் பதில் கறுப்புத் தகட்டுத் துண்டு ஒன்றும், ஸ்க்ரூக்களுமே புதிதாக வாங்கியவை. நூற்கயிற்றை எதிர்ச்சுவருக்கு மாற்றும்படி நான் கேட்டுக்கொண்டேன். வெயில் இந்தப் பக்கந்தான் விழுகிறது என்று அவர் முதலில் இணங்கவில்லை, பிறகு இணங்கினார்.

நாள்தோறும் எரியும் அடுப்பின் குழாயை மாதம் ஒரு முறை தட்டிக் கரி எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், அடுப்பு ஆறியிருக்கையில், முதல் துண்டை விரல்முட்டியால் நெடுகத் தட்டிப் பாருங்கள். தகடு நன்றாயிருந்தால் கணீரென்று ஒலிக்கும். கீல் தடித்திருந்தாலும், துரு தின்றிருந்தாலும் ஒலி மந்தமாகும். கட்டைவிரலால் அழுத்தினால் குழியுமானால் அந்தத் துண்டை அன்றே மாற்றிவிடுங்கள். மற்றத் துண்டுகள் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.